ரத்த ஓட்டத்தை உண்மையில் யார் நடத்துகிறார்கள்?

ஒரு வளர்ந்த மனிதரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்புவதும் கிட்டத்தட்ட அதே 5 லிட்டர்தான். ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, பெருக்கிப் பாருங்கள், 4.9 லிட்டர் வரும். அப்படியென்றால் மொத்த ரத்தமும் நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறது, ஒரு நாளைக்கு ஏழாயிரம் லிட்டருக்கு மேல் அந்தச் சிறிய தசைக்குள் நுழைந்து வெளியே போகிறது.

இந்த மாதிரி ஒரு கணக்குதான் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்விக்குக் கைகொடுத்தது. அவருக்கு முன்னால் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஐரோப்பிய மருத்துவம் பழங்கால மருத்துவர் காலென் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தது: சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தைத் தயாரிக்கிறது, அது சிரைகள் வழியாக உடம்பெல்லாம் போய் அங்கங்கே தீர்ந்துபோகிறது, மறுபடி புதிதாகத் தயாராகிறது. 1628ல் வெளியிட்ட புத்தகத்தில் ஹார்வி கேட்டது ரொம்ப நேரான கேள்வி. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவை வேண்டுமென்றே குறைத்து வைத்துக் கணக்குப் போட்டாலும், அரை மணி நேரத்தில் வெளியே போகும் ரத்தம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தையே தாண்டிவிடுகிறது, இவ்வளவையும் கல்லீரல் சாப்பாட்டிலிருந்து எப்படித் தயாரிக்கும்? முடியாது, ஆகவே அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியிலிருந்து, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை, 1657ல் இறந்துவிட்டார். 1661ல் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த வழி கண்ணுக்குத் தெரிந்தது. அதுதான் தந்துகி, தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய். நுரையீரல் வழியாக ரத்தம் சுற்றிப் போகிறது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் எழுதியிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சரி, சுற்றுகிறது. ஆனால் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மாடிப்படி ஏறினால் அது 10 ஆகிறது, உயிரைக் கொடுத்து ஓடினால் 20, 25 லிட்டர் வரை போகிறது, நல்ல பயிற்சி பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 35ஐக்கூடத் தொடும். பெரும்பாலோர் இதயம்தான் முடிவு செய்கிறது என்பார்கள், ஏனென்றால் நம் மனதில் இருக்கும் படம் அப்படி: இதயம் மோட்டார், குழாய்கள் பைப், ரத்தம் தண்ணீர், மோட்டாரை வேகமாக ஓட்டினால் தண்ணீர் அதிகமாக வரும். இந்தப் படத்தில் பாதிதான் சரி. இதயத்தால் தன்னிடம் வந்து சேர்ந்ததைத்தான் அனுப்ப முடியும். எவ்வளவு வந்து சேரும் என்பது குழாய்களின் கையில் இருக்கிறது, குழாய்கள் எவ்வளவு திறக்கும் என்பது திசுக்களின் தேவையைப் பொறுத்தது, அந்தத் தேவையை உணர்த்துவதில் பெரும்பங்கு ரத்தத்துக்கு. 1950களில் அமெரிக்க உடலியலாளர் ஆர்தர் கைட்டன் இதைத்தான் சோதனை மேல் சோதனையாகச் செய்து காட்டினார். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பிபி, ரத்தசோகை, இதயச் செயலிழப்பு, மாரடைப்பு என்று தனித்தனியாகக் கேள்விப்படும் பலவும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதைப் பார்க்கலாம், அதனால் கொஞ்சம் பொறுமையாகவே போவோம்.

முதலில் இதயம். இருப்பது ஒன்றானாலும் வேலை செய்வது இரண்டு. வலது பக்கம் உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது பக்கம் நுரையீரலிலிருந்து வருவதை வாங்கி உடம்பு முழுக்க அனுப்புகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்கள் அகலமானவை, இளகியவை, அதனால் வலது கீழறை 25 மிமீ பாதரச அழுத்தத்தில் வேலையை முடித்துவிடும். இடது கீழறைக்கு 120 வேண்டும். அதனால்தான் அதன் சுவர் வலதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன்.

ஒரே ஒரு துடிப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு துடிப்புக்கு 0.85 விநாடிதான் நேரம். அதில் பாதிக்கு மேல் இதயம் தளர்ந்திருக்கிறது. அந்தத் தளர்ச்சியில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு திறந்து கிடக்கிறது, ரத்தம் தானாகவே உள்ளே இறங்குகிறது, கீழறை முக்கால் பங்கு இப்படியே நிரம்பிவிடும். பிறகு வலது மேலறையின் மேல்பகுதியில் இருக்கும் சைனஸ் முடிச்சிலிருந்து மின்தூண்டல் கிளம்புகிறது, மேலறைகள் சுருங்கி மிச்சத்தையும் கீழே தள்ளுகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள இன்னொரு முடிச்சில் அந்தத் தூண்டல் பத்தில் ஒரு விநாடி தாமதிக்கிறது, வீணாக அல்ல, மேலறை காலியாவதற்கு அந்த அவகாசம் தேவை. அப்புறம் கீழறைகள் முறுக்கிச் சுருங்குகின்றன, உள்வால்வுகள் சாத்திக்கொள்கின்றன, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘லப்’ அதுதான். இடது கீழறையிலிருந்து கிளம்பும் பெருங்குழாயான மகாதமனியில் இருக்கும் அழுத்தத்தைக் கீழறையின் அழுத்தம் தாண்டிய அந்த நொடியில் வெளிவால்வு திறக்கிறது, 70 மில்லி வெளியே போகிறது. மறுபடி தளரும்போது வெளிவால்வுகள் மூடும் ஓசைதான் ‘டப்’. கவனியுங்கள், இந்த வால்வுகளைத் திறக்கவோ மூடவோ எந்தத் தசையும் இழுப்பதில்லை, இரண்டு பக்க அழுத்த வித்தியாசம் மட்டுமே அவற்றை அசைக்கிறது. உள்வால்வுகளில் இருக்கும் நாண்களும் அவற்றைப் பிடித்திருக்கும் குட்டித் தசைகளும்கூட, மூடிய இதழ் பின்பக்கமாகப் புரண்டுவிடாமல் காப்பதற்குத்தான்.

கீழறையில் நிரம்புவது 120, 130 மில்லி, வெளியே போவது 70. கிட்டத்தட்ட பாதி உள்ளேயே தங்குகிறது, அது கையிருப்பு. இந்தக் கையிருப்பில்தான் இதயத்தின் மிக அழகான குணம் ஒன்று வெளிப்படுகிறது. வழக்கத்தைவிட அதிகமாக ரத்தம் வந்து கீழறை கூடுதலாக விரிந்தால், அந்தத் துடிப்பில் அது கூடுதல் பலத்தோடு சுருங்கும். யாரும் உத்தரவு போட வேண்டாம், நரம்பு வேண்டாம், தசை இழைகள் நீட்டப்பட்டதே போதும். 1895ல் ஓட்டோ ஃபிராங்க் தவளையின் இதயத்தில் இதைப் பார்த்தார், அடுத்த இருபது ஆண்டுகளில் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் நாயின் இதயத்தில் விரிவாகக் காட்டினார். இது ஏதோ நுணுக்கமான ஆய்வக விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். வலது பக்கம் இடதைவிட ஒரு துடிப்புக்கு வெறும் 1 மில்லி அதிகமாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 70 மில்லி, பத்து நிமிடத்தில் 700 மில்லி ரத்தம் நுரையீரலில் தேங்கிவிடும், மூச்சுத் திணறி ஆள் தாங்க மாட்டார். அப்படி நடக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்தக் குணம்தான். வலது அதிகம் அனுப்பினால் இடது அதிகம் நிரம்பும், அதிகம் நிரம்பினால் அதிகம் தள்ளும், சில துடிப்புகளுக்குள் இரண்டும் சமமாகிவிடும்.

இதயம் தன் வேகத்துக்கும்கூட மூளையைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாவிட்டால் அது நிமிடத்துக்கு 100 தடவை அளவில் துடிக்கும், மூளைத்தண்டிலிருந்து வரும் வேகஸ் நரம்பு விடாமல் பிடித்து இழுப்பதால்தான் 70க்கு வருகிறது. மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்ததிலிருந்து இன்றுவரை, அறுவையில் இதயத்தின் நரம்புகள் வெட்டுப்பட்டுத்தான் தீரும். அவர்களுக்கு ஓய்விலேயே நாடி 90, 100 என்று இருக்கும். நடக்கத் தொடங்கினால் நாடி உடனே ஏறாது, சில நிமிடம் கழித்து மெதுவாக ஏறும், ஓட்டத்தை நிறுத்திய பிறகும் இறங்க நேரம் எடுக்கும். ஆனாலும் நடக்கிறார்கள், மாடி ஏறுகிறார்கள், சிலர் மாரத்தான்கூட ஓடுகிறார்கள். எப்படி? கால் தசைகள் சிரை ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன, இதயம் கூடுதலாக நிரம்புகிறது, கூடுதலாகத் தள்ளுகிறது. அதோடு அட்ரீனல் சுரப்பி விட்ட அட்ரினலின் ரத்தத்திலேயே கலந்து வந்து இதயத்தைத் தட்டி எழுப்புகிறது. நரம்பு போன இடத்தில் குழாயும் ரத்தமும் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன.

இனி குழாய்கள். மகாதமனி வெறுமனே ரத்தம் கடந்து போகும் பாதை அல்ல. அதன் சுவரில் மீள்தன்மையுள்ள இழைகள் ஏராளம், இதயம் ஒரு வீச்சில் 70 மில்லியைத் தள்ளும்போது அது விரிந்து அதில் பெரும்பகுதியைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொள்கிறது, இதயம் தளரும்போது சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. இதயம் விட்டுவிட்டுத்தான் அடிக்கிறது, ஆனால் தந்துகிகளில் ரத்தம் நிற்காமல் ஓடுகிறது என்றால் இதனால்தான். பிபி பார்க்கும்போது சொல்லும் 120/80ல் அந்த 80 இந்தச் சுருக்கத்தின் வேலை. இதயம் தளர்ந்து கிடக்கும் நேரத்திலும் தமனியில் அழுத்தம் 80க்குக் கீழே போகாமல் பிடித்திருப்பது தமனிச் சுவர்தான். வயது ஏற ஏற இந்தச் சுவர் விறைத்துப்போகிறது, அதனால் பலருக்கு மேல் எண் ஏறி, கீழ் எண் அப்படியே நிற்கும் அல்லது இறங்கும், 160/70 என்கிற மாதிரி. கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், அது நிம்மதிக்குரிய அடையாளம் அல்ல.

பெரிய தமனிகளில் அழுத்தம் அவ்வளவாகக் குறைவதில்லை. குறையும் இடம் தந்துகிக்குச் சற்று முன்னால் இருக்கும் சிறுதமனிகள். சராசரியாக 93 அளவில் கிளம்பிய அழுத்தம் இவற்றைத் தாண்டி வரும்போது 35க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மயிரிழையைவிட மெல்லிய இந்தக் குழாய்களைச் சுற்றி வளையமாகத் தசை இருக்கிறது, அது சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசே மெல்லிய கண்ணாடிக் குழாய்களை வைத்துக் கண்டுபிடித்த விதி இங்கேதான் உயிர் பெறுகிறது: மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், ஓட்டம் ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. ஆரம் வெறும் 16 சதவீதம் குறைந்தாலே ஓட்டம் பாதியாகிவிடும். அதனால் உடம்பில் எந்த உறுப்புக்கு எவ்வளவு ரத்தம் என்பதை மாற்ற பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை, சிறுதமனித் தசையில் ஒரு சின்ன அசைவு போதும்.

அந்த அசைவைச் செய்ய வைப்பது யார்? நரம்புகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் உழைக்கும் தசையில் முதல் குரல் அந்தத் தசையுடையதுதான். ஓடும்போது தொடைத் தசை ஆக்சிஜனைத் தின்று தீர்க்கிறது, கரியமில வாயுவும் அமிலமும் பொட்டாசியமும் அடினோசினும் அங்கே சேருகின்றன, இவை எல்லாம் பக்கத்திலிருக்கும் சிறுதமனியைத் தளர வைக்கின்றன. தேவை எங்கே கூடுகிறதோ அங்கே குழாய் தானாகத் திறந்துகொள்கிறது. ஓய்வில் எலும்புத் தசைகளுக்கு எல்லாம் சேர்த்து நிமிடத்துக்கு 1 லிட்டர் அளவில் போய்க்கொண்டிருந்தது, கடும் ஓட்டத்தில் இதயம் அனுப்பும் 20, 25 லிட்டரில் எண்பது சதவீதம் வரை அங்கே போகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது குறைகிறது. மூளைக்கு மட்டும் அப்போதும் இப்போதும் ஏறக்குறைய அதே 750 மில்லி.

குழாயின் உட்புறத்தை ஒரே ஒரு செல் தடிமனில் போர்த்தியிருக்கும் உட்படலத்தை 1980 வரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் உறை என்றே நினைத்தார்கள். அந்த ஆண்டில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் மகாதமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையில், அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டால் உட்படலம் இருக்கும் துண்டு தளர்கிறது, உட்படலம் தேய்ந்துபோன துண்டு தளர மறுக்கிறது என்று தெரிந்தது. அப்படியானால் உட்படலம் ஏதோ ஒன்றைச் சுரக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற சாதாரண வாயு என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது, 1998ல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது எதுவென்றால், உட்படலம் இந்த வாயுவை விடுவதற்கு முக்கியமான தூண்டுதல்களில் ஒன்று ரத்தம் அதன்மேல் உரசிக்கொண்டு ஓடுவது. ஓட்டம் கூடினால் உரசல் கூடும், உரசல் கூடினால் வாயு வரும், குழாய் விரியும். ரத்தமே தன் பாதையை அகலப்படுத்திக்கொள்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் உடலுக்குள் இதே வாயுவாக மாறித்தான் வேலை செய்கிறது. காரணம் தெரிவதற்கு நூறு ஆண்டுகள் முன்பிருந்தே அதை மருத்துவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தந்துகிக்குள் நுழைந்து பார்த்தால் காட்சி மாறிவிடும். சிவப்பணுவின் குறுக்களவு 7, 8 மைக்ரோமீட்டர், தந்துகி சில இடங்களில் 5தான். அணு மடங்கி, வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக, சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மகாதமனியில் விநாடிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் வந்த ரத்தம் இங்கே விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டுவதில்லை, ஏனென்றால் தந்துகி ஒவ்வொன்றும் சிறியது என்றாலும் எல்லாவற்றின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் மகாதமனியைவிடப் பல நூறு மடங்கு. இந்த மெதுவான ஒன்றிரண்டு விநாடிகளுக்காகத்தான் மற்ற எல்லா ஏற்பாடும். ஆக்சிஜன் இறங்குவதும், சர்க்கரை இறங்குவதும், கழிவு ஏறுவதும் இங்கே மட்டும்தான். அதிலும் ஹீமோகுளோபின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்சிஜனை விடுவதில்லை. கரியமில வாயுவும் அமிலமும் சூடும் அதிகமாக இருக்கும் இடத்தில் அதன் பிடி தளர்கிறது, அதாவது உழைக்கும் தசையில் தாராளமாக விடும், சும்மா இருக்கும் தசையில் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு கடந்து போகும். டென்மார்க் உடலியலாளர் கிறிஸ்டியான் போர் (Bohr) 1904ல் சொன்னது இது. சிறுதமனியைத் திறக்க வைக்கும் அதே அடையாளங்கள் ஹீமோகுளோபினையும் கை விரிக்க வைக்கின்றன என்பதைப் பாருங்கள், குழாயும் ரத்தமும் ஒரே செய்தியைப் படிக்கின்றன.

ரத்தத்தில் ஹீமோகுளோபினே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தமனி ரத்தத்தில் வெறுமனே கரைந்திருக்கும் ஆக்சிஜன் 3 மில்லிதான். ஓய்வில் நமக்கு நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன் தேவை, ஆகவே இதயம் நிமிடத்துக்கு 83 லிட்டர் அனுப்ப வேண்டிவரும், அதுவும் சும்மா படுத்திருக்க மட்டும். உலகத்திலேயே சிறந்த ஓட்டக்காரரின் இதயத்தாலும் அதில் பாதிகூட முடியாது. ஹீமோகுளோபின் இருப்பதால் அதே லிட்டரில் 200 மில்லி ஏறுகிறது, 5 லிட்டர் அனுப்பினாலே 1,000 மில்லி ஆகிறது, தேவை போக முக்கால் பங்கு மிச்சம். சுமார் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து, உட்கருவும் இல்லாமல், சுமக்கும் ஆக்சிஜனைத் தானே எரித்துவிடாமல் (அதற்கான மைட்டோகாண்ட்ரியா அவற்றில் கிடையாது) இதைச் செய்கின்றன.

ரத்தசோகை வந்தால் ஏன் படபடப்பு வருகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஹீமோகுளோபின் 15லிருந்து 7க்கு இறங்கினால் ஒரு லிட்டர் சுமக்கும் ஆக்சிஜன் பாதிக்கும் கீழே போகிறது, திசுக்கள் பட்டினி கிடக்கின்றன, சிறுதமனிகள் விரிகின்றன, ரத்தமும் நீர்த்திருப்பதால் எளிதாக ஓடுகிறது, இதயத்துக்குத் திரும்பி வருவது கூடுகிறது, இதயம் கூடுதலாக அடிக்கிறது. இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை, அது ரத்தத்தின் குறையை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. நெடுநாள் கடும் ரத்தசோகையில் அந்த நல்ல இதயமே களைத்துச் செயலிழக்கலாம். அதனால் படபடப்பு என்று போனால் ஈசிஜி எடுப்பதோடு ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

சிரைகளுக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்பது என் கருத்து. எந்த நேரத்திலும் மொத்த ரத்தத்தில் 60, 70 சதவீதம் சிரைகளில்தான் இருக்கிறது. அவற்றின் சுவர் மெல்லியது, எளிதில் விரியும், கொஞ்சம் சுருங்கினாலே அரை லிட்டர் ரத்தம் இதயத்தை நோக்கி நகரும். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது நேர்மாறாக நடக்கிறது. அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் இறங்கி நின்றுவிடுகிறது, இதயத்துக்கு வருவது குறைகிறது, அனுப்புவதும் குறைகிறது, பிபி இறங்குகிறது. கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் இருக்கும் அழுத்த உணரிகள் அடுத்த துடிப்பிலேயே இதை மூளைத்தண்டுக்குச் சொல்லிவிடும், வேகஸ் தன் பிடியை விடும், நாடி ஓரிரு விநாடியில் ஏறும். ஆனால் குழாய்த் தசை சுருங்குவதற்குப் பல விநாடிகள் ஆகும். அந்த இடைவெளிதான் கண் இருட்டும் அந்தக் கணம். உடம்பில் நீர் குறைந்திருந்தாலோ, வயதாகி உணரிகள் மந்தமாகியிருந்தாலோ, பிபி மாத்திரை கொஞ்சம் அதிகமாக இருந்தாலோ அந்த இடைவெளி நீளும். எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள், வயதானவர்கள் விழுந்து எலும்பு முறிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 வரை ஏறும், நடக்கத் தொடங்கியதும் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரையை நெருக்குகிறது, சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மேலே மட்டும் விடுகின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து அதுவும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்கிறது.

இதயத்துக்கே யார் ரத்தம் கொடுப்பது? அதற்குள் இவ்வளவு ரத்தம் ஓடினாலும் அதன் தடித்த சுவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. மகாதமனியின் அடியிலேயே பிரியும் இரண்டு கரோனரி தமனிகள்தான் அதற்குச் சாப்பாடு. இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது, ஆகவே அதற்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில், அப்போது அதைத் தள்ளிக் கொடுப்பது நாம் முன்பு பார்த்த மகாதமனியின் சுருக்கம். இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பின் மற்ற பகுதிகள் சராசரியாக, வரும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுக்கின்றன, இதயத் தசை ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. கரோனரி தமனி குறுகிப்போனவருக்கு உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல், மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு இறுகுவது இதனால். வேகமாகத் துடிக்கும்போது தளரும் நேரம்தான் அதிகமாகக் குறைகிறது, தேவை கூடும் அதே நேரத்தில் வரத்துக்கான அவகாசம் சுருங்குகிறது.

ரத்தத்தின் மொத்த அளவை நாள்கணக்கில் பார்த்துக்கொள்வது சிறுநீரகம். உப்பையும் நீரையும் எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவு விடுவது என்று அது முடிவு செய்கிறது. இதயம் பலவீனமாகும்போது இந்த ஏற்பாடே எதிராகத் திரும்புகிறது. இதயம் குறைவாக அனுப்புகிறது, சிறுநீரகத்துக்கு வரும் அழுத்தம் குறைகிறது, ரத்தம் எங்கோ இழந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. காயம்பட்டு ரத்தம் போகும்போது உயிரைக் காப்பாற்றும் அதே நடவடிக்கையை இங்கேயும் எடுக்கிறது: உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, ரெனின் என்ற பொருளைச் சுரந்து, ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வழியாகக் குழாய்களை இறுக்குகிறது. ஏற்கெனவே களைத்த இதயத்துக்கு வந்து நிரம்புவதும் அதிகம், தள்ள வேண்டிய எதிர்ப்பும் அதிகம். கால் வீங்குகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. இதயச் செயலிழப்புக்குத் தரும் மருந்துகளில் பல இதயத்தை அடித்து விரட்டுபவை அல்ல, குழாயையும் சிறுநீரகத்தையும் சமாதானப்படுத்துபவை. 1987ல் வெளிவந்த கன்சென்சஸ் ஆய்வில், மிக மோசமான நிலையில் இருந்தவர்களில் எனலாபிரில் பெறாதவர்கள் ஆறு மாதத்தில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், பெற்றவர்களில் 26 சதவீதம். அந்த மருந்து செய்தது ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுத்தது, அவ்வளவுதான்.

மாரடைப்பிலும் இதயம், குழாய், ரத்தம் மூன்று பேரும் சம்பந்தப்படுகிறார்கள். கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து குழாயை ஒரு நாள் முழுதாக அடைத்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் நடப்பது அது அல்ல. சுவருக்குள் இருக்கும் கொழுப்புத் திட்டின் மெல்லிய மூடி ஒரு நாள் கிழிகிறது, அதற்கு முன்தினம் வரை அந்த இடத்தில் அடைப்பு பாதிகூட இல்லாமல் இருந்திருக்கலாம். ரத்தம் ஓடும்போது சிவப்பணுக்கள் நடுவில் திரண்டு போகின்றன, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சுவரோரம் ஒதுக்கப்படுகின்றன, காயம் வந்தால் முதலில் சேர வேண்டிய இடம் சுவர்தான் என்பதால் இது நல்ல ஏற்பாடு. இங்கே தட்டணுக்கள் கிழிசலைக் காயம் என்று எடுத்துக்கொண்டு ஒட்டுகின்றன, ரத்தம் உறைகிறது, சில நிமிடங்களில் 3 மிமீ குழாய் அடைபடுகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் இதயத் தசை அரை மணி நேரத்துக்குள் சாகத் தொடங்குகிறது. ஆஸ்பிரின் தட்டணுவுக்கு, ஸ்டாட்டின் சுவரிலுள்ள திட்டுக்கு, ஸ்டென்ட் குழாய்க்கு, பீட்டா தடுப்பான் இதயத்துக்கு என்று மருத்துவம் எல்லாப் பக்கமும் கை வைப்பது அதனால்தான்.

அப்படிச் செத்துக்கொண்டிருக்கும் தசையில் மின்தூண்டல் தாறுமாறாகி இதயம் வெறுமனே நடுங்க ஆரம்பித்தால் ஓட்டம் நின்றுவிடும், ஆள் சில விநாடியில் நினைவிழந்து விழுவார். அந்த நேரத்தில் ரத்தத்தில் இன்னும் சில நிமிடத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது, குழாய்கள் இருக்கின்றன, வால்வுகள் இருக்கின்றன, தள்ளுவதற்கு மட்டும் ஆள் இல்லை. மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 செமீ ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100லிருந்து 120 தடவை அழுத்தினால் வழக்கமான ஓட்டத்தில் கால் பங்கு, நன்றாகச் செய்தால் அதற்குச் சற்று மேலே கிடைக்கும், மூளையைக் கொஞ்ச நேரம் உயிரோடு வைக்க அது போதும். அழுத்தும்போது ரத்தம் மூளைக்குப் போகிறது, கையை எடுத்து மார்பு முழுதாக எழும்பும்போதுதான் சிரை ரத்தம் இதயத்துக்குள் வருகிறது, கரோனரி தமனிகளிலும் ரத்தம் நிரம்புகிறது. நிறுத்தினால் அந்தக் கரோனரி அழுத்தம் சில விநாடியில் விழுந்துவிடும், மறுபடி அதைக் கட்டி எழுப்பப் பல அழுத்தங்கள் ஆகும். ஆகவே ஒருவர் ஆம்புலன்சை அழைக்கட்டும், பக்கத்தில் மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி இருந்தால் இன்னொருவர் எடுத்து வரட்டும், அதுவரை அழுத்துகிறவர் ஒவ்வொரு தடவையும் முழுதாக விட்டு அழுத்த வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் களைத்த கை ஆழமாக அழுத்தாது.